ஆறு கம்பிக்கு ஆறு பேர்

பிப்ரவரி 9

என் உருண்டைக்கு,

நான் இருக்கிறேன். கையும் காலும் தம்பாட்டுக்கு நடக்கின்றன. நீ சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, அங்கே போர்த்திக்கொள்ள ஏதாவது கொடுக்கிறார்களா?

உன்னைச் சிறையில் வைத்து எட்டு மாதம் ஆகிறது. நீ நாலு கடிதம் போட்டுவிட்டாய். நான் ஒன்றும் போடவில்லை. நாலும் என் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றைத்தான் பிரித்தேன். அதிலும் 'மாமா' என்று நீ எழுதியிருந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. உனக்கு மாமா, எனக்கு இருபத்திரண்டு வருஷத்துப் புருஷன். அதைப் பற்றி இப்போது வேண்டாம். இது கிட்டார் விஷயம்.

போன வாரம் உங்கள் இசைக்குழுவின் டிரம்மர் வீட்டுக்கு வந்தான். சுவரில் தொங்கும் உன் பழைய கிட்டாரையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, அதைக் குடுத்தீங்கன்னா உபகாரமா இருக்கும். புதுசா ஒருத்தரைச் சேத்திருக்கோம், அவர்கிட்ட சொந்தமா இல்ல."

"அது குடுக்கிறதுக்கு இல்ல."

"சும்மாதானே தொங்குது?"

"சும்மான்னு யார் சொன்னா? நான் வாசிக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், என் கைக்கு என்ன குறைச்சல்?"

"எங்க, ஒண்ணு வாசிங்க பாப்போம்."

"இப்பத்தான் கத்துக்கறேன். என் தம்பி சொல்லித் தர்றான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவன் தண்ணீர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "அப்ப அடுத்த தடவை வர்றப்ப கேக்கறேன்" என்றான்.

பொய்யை நான் சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்குவது உன் பாடு. நாற்பத்தாறு வயதுக்காரி, அஞ்சாம் வகுப்பு, மரமண்டை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு எழுது.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. கம்பளி கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் குத்துகிறது, அவ்வளவுதான். இப்போது என்னைப் பார்த்தால் உருண்டை என்று கூப்பிட உனக்கே நாக்கு கூசும். ஒட்டடைக் குச்சி என்று கூப்பிடலாம்.

உன் கையெழுத்தை உறை மேல் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்திருந்தேன். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் இருப்பதே அன்றைக்குப் போதுமாக இருந்தது. பிரித்தால் கிட்டார். சிரித்துவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சொல்லித் தருகிறேன். வலது தொடையில் கிட்டாரின் இடுப்பை உட்கார வை. இடது கை கழுத்தைப் பிடிக்க வேண்டும். நெரிக்கக் கூடாது. ஆறு கம்பிகள் இருக்கின்றன. குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்துக் கட்டம் கட்டமாக இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து இரண்டாம் கட்டத்தில், ஐந்தாம் கம்பியில் நடுவிரல், நான்காம் கம்பியில் மோதிர விரல். அழுத்திக்கொண்டு வலது கட்டை விரலால் ஆறையும் ஒரே இழுப்பாக இழு. இதுதான் முதல் பிடி. சோகமாகக் கேட்கும், பயப்படாதே, அதன் குணமே அது.

அக்கா, மாதத்தின் முதல் ஞாயிறு இங்கே ஆட்களைப் பார்க்க விடுகிறார்கள். பட்டியலில் உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் முகத்தைப் பார்க்க உனக்கு மனம் இல்லை என்றால் எனக்குப் புரியும். இருந்தாலும் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும்.

உன் தம்பி


மார்ச் 27

உருண்டைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, விரலுக்குத்தான் எல்லாம். நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். ஆவி மெஷினுக்குள் வெறும் கையை விட்டுத் துணியை இழுத்தால்கூட எனக்குச் சுடாது. இந்தத் துக்கினியூண்டு கம்பி என் விரலை அறுக்கிறது. மடிப்பு மேஜைக்காரி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி, கத்தியோட விளையாடுறியா?" என்றாள். கிட்டார் என்றேன். அதற்குக் கத்தியே தேவலை என்றாள்.

வேலை முடிந்து வந்து தினம் அரை மணி நேரம். நீ சொன்ன இடத்தில் சொன்ன விரலை வைக்கிறேன். சோகமாகக் கேட்கும் என்றாய். எனக்குப் பாத்திரம் அடுக்கியது சரிந்த மாதிரி கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீச்சரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "என்னம்மா, ஏதாவது ரிப்பேரா?" என்றார். நான் வாசிக்கிறேன் என்றதும் திரும்பிப் போய்விட்டார். புருஷன் போனவள், கொஞ்ச நாளைக்கு எதையாவது செய்துகொண்டு போகட்டும் என்று நினைத்திருப்பார்.

கம்பிகள் தொய்ந்துவிட்டன என்று நினைக்கிறேன். எப்படி முறுக்குவது?

ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியிருந்தாய். ஒரு பாட்டு வாசிக்க வந்ததும் வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு பாட்டு என்றால் எனக்கு ஆறு மாதம் ஆனது. உனக்கு நான் மூன்றே மாதத்தில் முடித்துவிடுவேன். முதல் ஞாயிறு ஒன்று விடாமல் வரும், நீ அவசரப்படாதே.

சுருதி சேர்ப்பது இப்படி. ஆறாம் கம்பியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி மீட்டு. அதே சத்தம் ஐந்தாம் கம்பி சும்மா இருக்கும்போது வர வேண்டும். வரும்வரை ஐந்தாம் கம்பியின் திருகை முறுக்கு. பிறகு ஐந்தாம் கம்பியை அதே கட்டத்தில் அழுத்தி நான்காம் கம்பியை அதற்கு ஒத்துக்கொள்ள வை. நான்கை வைத்து மூன்று. மூன்றை மட்டும் நான்காம் கட்டத்தில் அழுத்தி இரண்டைச் சேர். மறுபடி ஐந்தாம் கட்டத்துக்கு வந்து, இரண்டை வைத்து ஒன்று. பயப்படாமல் முறுக்கு.

பாத்திரம் சரிந்த மாதிரி கேட்கிறது என்றாய். நான் ஆரம்பித்தபோது மாமாவும்

இல்லை, வேறொரு நாள் எழுதுகிறேன். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதே, தோல் இளகிவிடும்.

உன் தம்பி


ஏப்ரல் 30

உருண்டைக்கு,

நன்றாக இருக்கிறேன், கன்னத்தைத் தவிர.

நீ சொன்னபடி முறுக்கினேன். முறுக்க முறுக்கச் சத்தம் ஏறிக்கொண்டேதான் போனது, ஆனால் ஆறாம் கம்பியைத் தொடவே இல்லை. பயப்படாமல் முறுக்கு என்றாயே, முறுக்கினேன். படீரென்று அறுந்து கன்னத்தில் ஒரு இழுப்பு. ஐந்தாம் கம்பி போயே போய்விட்டது.

மறுநாள் சலவைக்கூடத்தில் எல்லோரும் கன்னத்தையே பார்த்தார்கள். மடிப்பு மேஜைக்காரி, "யாருடி அடிச்சா?" என்றாள். "என் தம்பிதான், கடுதாசியில" என்றேன். மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விரிப்பு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சிரித்து ரொம்ப நாள் ஆனதால் அது அழுகையில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

உன் பொருளைக் கெடுத்துவிட்டேன். கோபிக்காதே. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


ஜூன் 19

உருண்டைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஏழு வாரம். ஒரு பதிலும் இல்லை. கம்பி அறுந்ததற்கா கோபம்? நீ அப்படிப்பட்டவன் இல்லை. நான் எட்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு இப்போது திருப்பித் தருகிறாயா? அதற்கும் நீ ஆள் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தால் இஸ்திரி மெஷின் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. முந்தாநாள் ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல்.

டிரம்மர் வந்து புதுக் கம்பி மாட்டிக் கொடுத்தான். "வாசிங்க அக்கா" என்றான். தலைவலி என்றேன். வந்த வேலையை முடித்துவிட்டுப் போனான்.

உள்ளே இருப்பவனிடம் பதில் கேட்டு மிரட்ட முடியுமா? வாசலில் வந்து கத்தவா முடியும்? ஒரு வரி போடு. திட்டினாலும் சரி.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு, உடம்போடு, நல்ல பசியோடு இருக்கிறேன். முதலில் அதை நம்பு.

கோபமெல்லாம் இல்லை. நடந்தது கேள். இங்கே போகிற வருகிற கடிதங்களை ஒரு அதிகாரி படித்துத்தான் விடுவார். உன் கன்னக் கடிதம் என் கைக்கு வரவில்லை. உன்னிடமிருந்து ஒன்றும் காணோமே என்று சுருதி சேர்ப்பதை மறுபடி எழுதிப் போட்டேன், அதுவும் வெளியே போகவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மேஜை மேல் நம் கடிதங்களைப் பரப்பினார்.

"ஆறை அஞ்சுல அழுத்து, அஞ்சை நாலோட சேர்... இதெல்லாம் என்னப்பா?"

"கிட்டார் ஐயா."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு வயசுல கிட்டாரா? என்கிட்ட கதை விடாத. எந்தச் சுவரு, எத்தனாவது கம்பி? சொல்லிடு."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஒரு அட்டையில் கிட்டார் கழுத்தை வரைந்து காட்டி, பிடியை அதில் பிடித்து, வாயால் வாசித்தேன். மூன்று காவலர்கள் நின்று கேட்டார்கள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கடிதங்களைக் கொடுத்தார். ஆனால் இனிமேல் கம்பிக்கும் கட்டத்துக்கும் எண்கள் கூடாது என்று உத்தரவு.

அக்கா, அறுந்தது தடித்த கம்பியா, மெல்லிய கம்பியா? மெல்லியதாகத்தான் இருக்கும். தடித்தது அவ்வளவு சுலபமாக அறுகிற கம்பி இல்லை. நீ மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறாய். நாங்கள் கீழிருந்து, மெல்லியதிலிருந்து எண்ணுவோம். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நாலு மாதமாக நீ வாசித்ததெல்லாம் தலைகீழ். தப்பு உன்னுடையது இல்லை, முழுக்க என்னுடையது.

இனி எண்ணே வேண்டாம், பெயர் வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்தது அப்பா. அவர் இருமல் மாதிரியே இருக்கும். அதற்கடுத்து பெரியம்மா. அதற்கடுத்து டிரம்மர். அப்புறம் நான். எனக்குக் கீழே நீ. எல்லாவற்றுக்கும் கீழே, மெல்லியது, கீச்சுக்குரல், டீச்சரம்மா. அப்படிப் பார்த்தால் நீ அறுத்தது உன்னையேதான்.

கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து முதல் புள்ளியை விட்டு அடுத்த புள்ளி உள்ள கட்டத்தில் அப்பாவை அழுத்தினால் அவர் பெரியம்மா குரலில் பேசுவார். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் நடக்காதது, இதில் நடக்கும். பெரியம்மாவை அழுத்தினால் டிரம்மர். டிரம்மரை அழுத்தினால் நான். என்னை வைத்து உன்னைச் சேர்க்கும்போது மட்டும் ஒரு கட்டம் முன்னாலேயே அழுத்து. நம் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் ஒரு கட்டம் தூரம் குறைவு. ஏன் என்று கேட்காதே, கிட்டார் செய்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள்.

முதல் பிடி: பெரியம்மாவும் டிரம்மரும். இப்போது சோகமாகக் கேட்கும்.

உன் தம்பி


ஜூலை 21

உருண்டைக்கு,

நீ நலம் என்று படித்ததும் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து இல்லை.

பெரியம்மாவையும் டிரம்மரையும் அழுத்தினேன். கேட்டது. நீ சொன்ன மாதிரியே கேட்டது. டீச்சரம்மா சுவரைத் தட்டி, "இதுதாம்மா பாட்டு" என்றார்.

ஆறு கம்பிக்கும் பெயர் வைத்தாய். செத்துப்போன அப்பாவுக்கு இடம் இருக்கிறது. ஆகாத பெரியம்மாவுக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்குக்கூட இருக்கிறது. ஒருத்தருக்கு இல்லை. ஏப்ரல் மாதக் கடிதத்திலும் அவர் பெயரை எழுதி, பாதியில் நிறுத்திவிட்டாய். நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான்.

இனி நான் எழுதுகிறேன். அதிகாரி ஐயாவும் படிக்கட்டும்.

நீயும் அவரும் வெளியூர் போயிருந்த அன்றைக்கு மத்தியானம் இஸ்திரி மெஷினை ஒட்டி நின்றுகொண்டு நான்தான் உனக்குப் போன் செய்தேன். "அவருக்குக் காய்ச்சல் அடிக்குது. திரும்பி வர்றப்ப அவரை ஓட்ட விடாதே, நீ ஓட்டு" என்றேன். "நான் வண்டி ஓட்டி ரெண்டு வருஷம் ஆச்சேக்கா" என்றாய். "சொன்னதைச் செய்" என்று வைத்துவிட்டேன். நீ செய்தாய். வளைவில் அந்த லாரி நின்றுகொண்டிருந்தது.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார், வழக்கமாக ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் ஏன் ஓட்டினீர்கள் என்று. நீ, "ஆசையா இருந்துச்சு ஐயா, நான்தான் சாவியை வாங்கினேன்" என்றாய். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எழுந்து, இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எழவில்லை. பக்கத்தில் உன் மாமாவின் அக்கா உன்னைச் சபித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பாட்டு வந்ததும் வருகிறேன் என்றெல்லாம் எழுதினேனே, அது சாக்கு. உன் முகத்தைப் பார்க்கப் பயமில்லை. நீ என் முகத்தைப் பார்ப்பாயே, அதற்குத்தான்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. வழியில் எங்கோ தண்ணீர் பட்டிருக்கிறது. முதல் பிடி சரியாகக் கேட்டது, டீச்சரம்மா சுவரைத் தட்டினார் என்பது வரை தெரிகிறது. அதற்குப் பிறகு மை கரைந்து ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. அதை மறுபடி எழுதி அனுப்ப வேண்டாம். முக்கியமாக ஒன்றும் இருக்காது.

அடுத்த பிடி இதைவிடச் சுலபம். இரண்டு விரலையும் அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கு. பெரியம்மாவை விட்டுவிடு. டிரம்மரையும் என்னையும் அழுத்து. அப்பாவை மட்டும் மீட்டாதே. முதல் பிடியில் எட்டு தட்டு, இதில் எட்டு தட்டு. மாறும்போது நிற்காதே. தப்பினாலும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரண்டிலேயே ஒரு பாட்டு முழுதாக வாசித்துவிடலாம். அதனால் உனக்கு இனிமேல் சாக்கு கிடையாது. செப்டம்பர் முதல் ஞாயிறு. காலை பத்து மணிக்கு வா. அடையாளச் சீட்டை மறக்காதே.

உன் தம்பி


செப்டம்பர் 8

உருண்டைக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீ சாப்பிட்டாயா? உன் கழுத்து எலும்பைப் பார்த்துவிட்டு வந்தவள் கேட்கிறேன்.

முதலில் ஒன்று. நான் எழுதியது பால்பாயின்ட் பேனாவில். அந்த மை ஆஸ்பத்திரி விரிப்பில் பட்டால் கொதிக்கிற தண்ணீரில் சோடா போட்டு அலசினாலும் போகாது. தினம் அதோடு மல்லுக்கு நிற்கிறவளிடம் கரைந்துவிட்டது என்கிறாய். சரி, கரையட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வந்து உட்கார்ந்ததும், எழுதி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. ரிசீவரை எடுத்ததும், "விரலைக் காட்டு" என்கிறாய். நான் கண்ணாடியில் நாலு விரலையும் வைத்தேன். "தோல் தடிச்சிருச்சு, இனி வலிக்காது" என்றாய். "டிரம்மர் வந்தானா?" என்றாய். வந்தான், ரெண்டு பிடியையும் வாசிச்சுக் காட்டினேன், பிடியெல்லாம் சரி அக்கா, தாளம்தான் ஊருக்குப் போயிருக்குன்னான் என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். பிறகு பலகையில் விரலால் தட்டித் தாளம் காட்டினாய். நான் இந்தப் பக்கம் தட்டினேன். இருபது நிமிஷத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. பக்கத்தில் ஒரு கிழவர் மகனிடம் அழுதுகொண்டிருந்தார். நாம் இரண்டு பேரும் கிறுக்குப் பிடித்த மாதிரி பலகையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில்தான் எனக்கு வாய் வந்தது. "அன்னிக்கு அவர் சாவியை எப்படிக் குடுத்தார்?" என்று கேட்டேன்.

நீ தட்டுவதை நிறுத்தினாய். கேட்காத மாதிரி இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். இருந்திருக்கலாம்.

"முதல்ல குடுக்க மாட்டேன்னார். காய்ச்சல்னா என்ன, கையா உடைஞ்சிருக்கு, ஓட்டுவேன்னார். அக்கா சொல்லுச்சுன்னு சொன்னேன். உங்கக்கா சொன்னா அதுக்கு மேல அப்பீல் ஏதுன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டார்."

மணி அடித்துவிட்டார்கள். நீ ஏதோ சொன்னாய், உதடு அசைந்தது, ரிசீவரில் சத்தம் நின்றுபோயிருந்தது. காவலர் உன் தோளைத் தொட்டதும் எழுந்து போனாய்.

இத்தனை நாளும் நான் உன்னிடம் சொன்னது மட்டும்தான் என் தப்பு என்று வைத்திருந்தேன். அவர் மறுத்தார் என்பது எனக்குத் தெரியாது. ஓட்டுவேன் என்றிருக்கிறார். என் பேச்சைக் கேட்டுத்தான் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பல் தெரியாது, கண்ணுதான் சுருங்கும்.

நீ சொன்னதில் உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டது நான். கோர்ட்டில் சொல்லாததை இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது? வக்கீலிடம் போனேன். இந்தச் சாட்சியால் தண்டனை ஒரு நாள்கூடக் குறையாது, ஓட்டினவர் ஓட்டினவர்தான் என்றார். என்னையாவது ஏதாவது செய்வார்களா என்றேன். புருஷனுக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லையாம். போய் வாருங்கள் என்றார்.

வந்து கிட்டாரை எடுத்தேன். பெரியம்மாவும் டிரம்மரும் எட்டு. டிரம்மரும் நீயும் எட்டு. கை தானாக மாறியது, தாளம்கூட வந்துவிட்டது. சரியாக வந்துவிட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். டீச்சரம்மாவும் சுவரைத் தட்டவில்லை.

அடுத்த மாத ஞாயிறும் வருவேன். அதற்கு அடுத்ததும். பதிலில் புதுப் பிடி எதுவும் எழுதாதே. தண்ணீர் பட்டது என்றும் எழுதாதே. நீதான் அவர் பக்கத்தில் இருந்தவன், உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை. நான் அந்தப் போனைச் செய்யாமல் இருந்து, காய்ச்சலோடு அவரே ஓட்டியிருந்தால், நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பீர்களா, உருண்டை?